கடலை முதன்முதலாகப் பார்த்த கோடை

கோடை விடுமுறை என்றதும் நினைவுக்கு வருவது என்ன? ரயிலில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, வழியில் பிரித்துச் சாப்பிடும் புளியோதரைப் பொட்டலம், தாத்தா பாட்டி வீடு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகள் உடனே தயார். ஆனால் அப்பாவுக்கும் லீவு கிடைக்க வேண்டுமே! கிடைத்தால் மட்டும் போதாது, அந்த நாட்களுக்குச் சம்பளமும் வர வேண்டும். இல்லையென்றால் ஊர் சுற்றி வந்த மாதம் மளிகைக் கடையில் கடன்தான்.

'சம்பளத்தோடு லீவு' என்பது இன்று சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது. இதற்காக ஒரு நாடே வேலைநிறுத்தம் செய்தது, இதைச் சட்டமாக்கிய பிரதமர் பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார் என்றால் நம்ப முடிகிறதா? அது 1936ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் கதை.

பிரான்ஸில் அரசு ஊழியர்களுக்கு 1853லேயே ஆண்டுக்கு 15 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பணக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நீஸ் போன்ற கடற்கரை ஊர்கள் அவர்களுக்காகவே வளர்ந்தவை. ஆனால் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு? வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. ஆலையை மூடினால் அது லீவு அல்ல, பட்டினி. சில மணி நேர ரயில் தூரத்தில் கடல் இருந்தும், ஒரு முறைகூட அதைப் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம்.

1936 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த தேர்தலில் சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், ராடிக்கல் கட்சியினர் சேர்ந்த 'மக்கள் முன்னணி' வென்றது. புதிய அரசு பதவியேற்கும் வரைகூடத் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. விமானத் தொழிற்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் கார் தொழிற்சாலை, ஜவுளிக்கடை, உணவு விடுதி என்று பரவியது. ஜூனில் சுமார் 20 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்! இயந்திரங்களை யாரும் சேதப்படுத்தவில்லை. சீட்டாடினார்கள், அக்கார்டியன் வாசித்தார்கள், முற்றத்தில் நடனமாடினார்கள். வெளியிலிருந்து குடும்பத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். சிமோன் வேய் என்ற தத்துவ ஆசிரியை 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை பார்த்தவர். அவர் இந்த நாட்களில் தன் பழைய ஆலைக்குப் போய், அங்கே கண்ட மகிழ்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எப்போதும் தலைகுனிந்து நின்ற இடத்தில் நிமிர்ந்து நிற்கும் மகிழ்ச்சி அது.

ஜூன் 4 அன்று லியோன் பிளம் பிரதமரானார். 7ஆம் தேதி இரவு பிரதமரின் அலுவலகமான மத்தின்யோன் மாளிகையில் முதலாளிகளும் தொழிற்சங்கத்தினரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சம்பளம் 7 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது. சில நாட்களில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வாரத்துக்கு 40 மணி நேர வேலை. மற்றொன்று ஜூன் 20 தேதியிட்ட சட்டம்: ஒரு வருடம் வேலை செய்த தொழிலாளிக்கு 15 நாள் சம்பளத்துடன் விடுமுறை. வேடிக்கை என்னவென்றால், இந்த விடுமுறை கூட்டணியின் தேர்தல் திட்டத்திலேயே இல்லை. ஆலைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது அது.

சரி, லீவு கிடைத்துவிட்டது. எங்கே போவது? எப்படிப் போவது? இங்கேதான் லியோ லக்ராஞ்ச் வருகிறார். வயது 35. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் என்று புதிதாக உருவாக்கிய பொறுப்பை பிளம் அவரிடம் கொடுத்தார். 'சோம்பேறித்தன அமைச்சகம்' என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. லக்ராஞ்ச் கவலைப்படவில்லை. ரயில் கம்பெனிகளோடு பேசி, விடுமுறையில் போகும் தொழிலாளி குடும்பங்களுக்கு 40 சதவீதம் கட்டணம் குறைந்த டிக்கெட்டை ஆகஸ்ட் மாதத்திலேயே கொண்டுவந்தார். அந்த டிக்கெட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஆண்டு சுமார் 6 லட்சம் பேரும், அடுத்த ஆண்டு சுமார் 9 லட்சம் பேரும் அதில் பயணம் செய்தார்கள்.

எல்லோரும் கடலுக்குப் போய்விடவில்லை. அதற்குப் பணம் வேண்டுமே! பெரும்பாலானோர் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள், அல்லது ஊரிலேயே இருந்துவிட்டார்கள். ஆற்றில் தூண்டில் போட்டார்கள். கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கணவன் முன்னால், மனைவி பின்னால் என்று இருவரும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் அந்தக் கோடையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1938இல் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. ஆற்றங்கரைப் புல்லில் ஒரு குடும்பம் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறது, ஒருவர் கிளாஸில் ஒயின் ஊற்றுகிறார். அவ்வளவுதான் படம். ஆனால் அந்த முதுகுகளில் அவசரம் என்பதே இல்லை.

இதைப் பார்க்கப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். தங்கள் கடற்கரையில் தொப்பி போட்ட கூலிக்காரர்கள் வந்து உட்கார்வதைச் சில பத்திரிகைகள் ஏளனம் செய்தன. பிரெஞ்சில் 'சம்பளத்துடன் விடுமுறை' என்ற சொல்லே அந்த மனிதர்களைக் குறிக்கும் வசைச் சொல்லாக மாறியது. ஆக, பிரச்சினை பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. மணலில் யார் உட்காரலாம் என்பதைப் பற்றியதும்தான்.

கணக்குப் பார்த்தால் மக்கள் முன்னணி அரசு பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. விலைவாசி ஏறி, உயர்ந்த சம்பளத்தை விழுங்கிவிட்டது. செப்டம்பரில் பிராங்கின் மதிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1937 ஜூனில் பிளம் ராஜினாமா செய்தார். 40 மணி நேர வாரத்தையும் 1938இல் தளர்த்திவிட்டார்கள். ஆனால் விடுமுறையில் மட்டும் யாராலும் கைவைக்க முடியவில்லை. சம்பள உயர்வை விலைவாசி தின்றுவிடும். கடற்கரையில் கழித்த பத்து நாளை எது தின்ன முடியும்?

1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றது. எம்.பி. என்ற முறையில் போர்முனைக்குப் போகத் தேவையில்லாத லக்ராஞ்ச் தானாகவே படையில் சேர்ந்து, ஜூன் 9 அன்று கொல்லப்பட்டார். தோல்விக்கு யாரையாவது காரணம் காட்ட வேண்டுமே! விஷி அரசு பிளம் உள்ளிட்டவர்களைக் கைது செய்து, 1942 பிப்ரவரியில் ரியோம் நகரில் விசாரணை நடத்தியது. 40 மணி நேர வேலை, விடுமுறை போன்ற சட்டங்களால் தொழிலாளிகளைச் சோம்பேறிகளாக்கி நாட்டின் பாதுகாப்பைக் கெடுத்தார் என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டின் முக்கியப் பகுதி.

பிளம் மன்னிப்புக் கேட்கவில்லை. பதவியில் இருந்தபோது அலுவலகத்தை விட்டு வெளியே போனதே அபூர்வம் என்றார். ஆனால் போகும்போதெல்லாம் பாரிஸ் புறநகர்ச் சாலைகளில் பழைய கார்களிலும் இரட்டைச் சைக்கிள்களிலும் தொழிலாளி ஜோடிகள் போவதைப் பார்த்ததாகவும், கஷ்டமான அந்த வாழ்க்கைகளில் கொஞ்சம் வெளிச்சத்தைக் கொண்டுவந்ததாக அப்போது உணர்ந்ததாகவும் நீதிமன்றத்தில் சொன்னார். விசாரணை அரசுக்கே எதிராகத் திரும்பியதால் ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். 1943இல் பிளம் புக்கன்வால்ட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். உயிரோடு திரும்பியும் வந்தார்.

அதே 1936 ஜூனில் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஆண்டுக்கு 6 வேலைநாள் சம்பளத்துடன் விடுமுறை என்ற உடன்படிக்கையை ஏற்றது. 1938இல் பிரிட்டன் தனிச் சட்டம் போட்டது. இந்தியாவில் 1945இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வந்தது. பிறகு 1948ஆம் ஆண்டுச் சட்டம், வருடத்தில் 240 நாள் உழைத்தவருக்கு அடுத்த வருடம் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு என்று வகுத்தது. பிரான்ஸில் இரண்டு வாரம் 1956இல் மூன்றாகவும், 1969இல் நான்காகவும், 1982இல் ஐந்தாகவும் ஆனது.

கம்பெனிக் கணக்கில் இந்த விடுமுறை ஒரு செலவு, அவ்வளவுதான். ஆனால் இரட்டைச் சைக்கிளில் கிளம்பிய ஜோடியிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரிலும் தினக்கூலிக்குப் போகிற எத்தனையோ அப்பாக்களுக்கு இன்னும் அந்த லீவு வரவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் மே மாதம் லீவு விடத்தான் செய்கிறது.