மைரன் வீனர்

மைரன் வீனர் (1931–1999) அமெரிக்க அரசறிவியலாளர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். இந்தியக் கட்சிகள், உள்நாட்டு இடப்பெயர்வு, மண்ணின் மைந்தர் அரசியல் எனப் பல துறைகளில் எழுதியவர். ஆயினும் இந்தியாவில் அவர் பெயர் நிலைத்தது, 1991இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்ற நூலால்தான்.

பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது இந்திய அரசமைப்பின் 45ஆம் பிரிவு. 1960இல் அந்தக் கெடு முடிந்தது. 1991 கணக்கெடுப்பில்கூட எழுத்தறிவு 52 விழுக்காடுதான். நாடு ஏழை, பெற்றோர் ஏழை என்பதே எல்லோரும் சொன்ன காரணம். வீனர் அதை ஏற்கவில்லை. ஜப்பான் தொழில்வளம் பெறுவதற்கு முன்பே, 1872இல், கட்டாயக் கல்விக்கு ஆணையிட்டது. இலங்கை 1945இலேயே இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. பணமில்லாத நாடுகள் செய்ததை இந்தியா ஏன் செய்யவில்லை என்று கேட்டார்.

விடை தேடி அவர் அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் தொழிற்சங்கத்தாரையும் சமூக ஊழியர்களையும் நேரில் கண்டு பேசினார். ஏழைக் குடும்பத்துக்குப் பிள்ளையின் கூலி வேண்டும், படித்தால் உடலுழைப்புக்கு ஆகமாட்டான் என்ற பேச்சே திரும்பத் திரும்ப அவர் காதில் விழுந்தது. சொன்னவர்களின் பிள்ளைகளோ நல்ல பள்ளிகளில் படித்தார்கள். கையால் உழைப்பவர் வேறு, மூளையால் உழைப்பவர் வேறு என்ற சாதிப் படிநிலை எண்ணமே கொள்கையாகியிருக்கிறது என்றார் வீனர். நூலின் உயிர்நாடி இதுதான். இன்றும் நம்மைச் சுடுவதும் இதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1980களில் அங்கே விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராக வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிப் போவார்கள், தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் சில தொழில்களுக்கு மட்டும் தடை விதித்தது. மற்றவற்றில் வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தியது. குடும்பத்தார் நடத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. பட்டறைக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதைவிட, வகுப்புக்கு வராத பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே கட்டாயக் கல்வியே முதல் வழி என்பது வீனரின் முடிவு.

இதற்கு மறுப்பும் வந்தது. 1996இல் ஐந்து வட மாநிலங்களில் பள்ளிக் கல்வி பற்றி நடந்த கள ஆய்வின் அடிப்படையில் 1999இல் வெளியான ‘புரோப்’ அறிக்கை, ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்கவைக்கவே விரும்புகிறார்கள், பள்ளிகள்தாம் பாழ்பட்டுக் கிடக்கின்றன என்று காட்டியது. கட்டாயத்துக்கு வீனர் கொடுத்த அழுத்தம் பள்ளியின் தரத்துக்குக் கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் அரசின் பொறுப்பு பற்றிய அவர் வாதத்தை அது அசைக்கவில்லை.

2002இல் அரசமைப்பின் 86ஆம் திருத்தம் 6 முதல் 14 வயது வரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வீனர் அப்போது உயிருடன் இல்லை. அரசமைப்பு விதித்த கெடு முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.