தகைமை ஏற்பும் புலம்பெயர்வின் இலாப நட்டமும்: கொழும்புத் தமிழ்த் தொழில்வல்லுநரை முன்வைத்து

களனி ஆற்றுக்கு வடக்கே நீர்கொழும்பு வீதியை ஒட்டி வளர்ந்த வத்தளையிலும், கொழும்பு மாநகருக்குள் அமைந்த கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழ் நடுத்தர வர்க்கத்தினரிடையே, வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், மென்பொருள் வல்லுநர் ஆகியோர் வெளிநாடு சென்று குடியமர்வதா இல்லையா என்பது வீடுதோறும் ஆராயப்படும் கேள்வியாகியுள்ளது. வருமானம், பிள்ளைகளின் கல்வி, பாதுகாப்பு ஆகியன நன்மைகளாகவும், தனிமை, பெற்றோரைப் பிரிதல், படித்த படிப்புக்கேற்ற வேலை கிடையாமை ஆகியன தீமைகளாகவும் நிரல்படுத்தப்பட்டு, எது மிகுதி என்று பார்க்கப்படுகிறது. இத்தகைய நிரலில் எல்லாக் குறைகளும் தனியாளின் மனவுறுதியால் தாங்கிக்கொள்ள வேண்டியவையாகவே தோன்றுகின்றன. ஆனால் அவற்றுள் மிகக் கனதியான குறை ஊர்நினைவால் எழுவதன்று என்றும், ஒரு நாட்டில் பெற்ற கல்வியையும் அனுபவத்தையும் மற்றொரு நாடு செல்லுபடியாகக் கொள்ளும் ஏற்பாடாகிய தகைமை ஏற்பின் குறைபாட்டால் எழுவது என்றும், ஆகவே அது அரசுகளாலும் தொழில்சார் நிறுவனங்களாலும் திருத்தத்தக்கது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

ஒப்பீட்டின் அடித்தளம்

வெளிநாட்டு வாழ்வை மதிப்பிடுவோர் உள்நாட்டு வாழ்வை மாறாத அளவுகோலாகக் கொள்வது வழக்கம். இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழருக்கு அரச சேவையின் வாயிலை ஒடுக்கியது. 1970களின் தொடக்கத்தில் அறிமுகமான தரப்படுத்தல், அதாவது பரீட்சார்த்திகளின் மொழிமூலத்துக்கேற்பப் புள்ளிகளைச் சீராக்கிப் பல்கலைக்கழக அனுமதி வழங்கும் முறை, மருத்துவத்துக்கும் பொறியியலுக்குமான வாயிலை ஒடுக்கியது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறைகள் வீட்டையும் தொழிலையும் ஒருங்கே இழக்கச் செய்தன. வெள்ளவத்தை, வத்தளைக் குடும்பங்கள் பலவும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து வந்தவை என்பதால், வெளிநாட்டுப் பயணம் அவற்றுக்கு இரண்டாம் பெயர்வே ஆகும். சம்பளத்தைச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடும் ஆய்வு இவ்வரலாற்றைக் கணக்கில் கொள்ளத் தவறிவிடுகிறது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, வெளிநாடு செல்லும் தீர்மானத்தை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதாக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தல் இடைநிறுத்தப்பட்டது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலரின் பெறுமதி 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. 2023 ஜனவரி முதல், மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் உழைப்போர்மீது படிப்படியாக 36 சதவீதம் வரை வருமான வரி விதிக்கப்பட்டது. 2022 இல் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவ்வாண்டு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்து புறப்பட்டனர் எனினும், அப்பதிவு ஒப்பந்த வேலைக்குச் செல்வோரை மையமாகக் கொண்டதாகையால், நிரந்தர வதிவிடம் பெற்றோ மாணவராகவோ சென்ற தொழில்வல்லுநரின் முழு அளவை அது காட்டாது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்ற அக்காலத்திலும் ஒரு வேறுபாடு எஞ்சியிருந்தது. பொருளாதாரக் காரணத்தால் மட்டும் சென்றவருக்குப் பொருளாதாரம் சீரடைதல் திரும்புவதற்குப் போதிய காரணமாகலாம்; பாதுகாப்பும் சமத்துவமும் கேள்விக்குள்ளான வரலாற்றைச் சுமந்து சென்றவருக்கு அது போதாது.

திறன் இறக்கம்

பயின்ற துறையை விட்டு, பயிற்சி தேவைப்படாத அல்லது குறைந்த பயிற்சியே வேண்டப்படும் வேலையில் ஒருவர் அமரும் நிலையைத் திறன் இறக்கம் எனலாம். கொழும்பில் 1923 இல் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, வங்கி முகாமையாளராக இருந்த அ. சிவானந்தனுக்கு, 1958 வன்முறையின் பின் இலண்டன் சென்று நூலகமொன்றில் தேநீர் பரிமாறும் பணியிலும் இருக்க நேர்ந்தது. நூலகவியல் பயின்று 1964 இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகராகி, பின்னர் அதன் இயக்குநராகவும் உலகறிந்த சிந்தனையாளராகவும் அவர் உயர்ந்தார். இத்தகைய வாழ்க்கைகள் விடாமுயற்சிக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆயினும் மீண்டெழுந்த ஒருவரின் புகழ், மீண்டெழாத பலரின் இழப்பை மறைத்துவிடக் கூடாது. மீண்டெழுந்தவருக்கும் தம் உழைப்புக் காலத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே கற்றிருந்ததை மீள மெய்ப்பிப்பதிலேயே செலவிட நேர்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இந்த இழப்பு தவிர்க்க முடியாததன்று என்பதைப் பொறியியலாளரையும் வைத்தியரையும் ஒப்பிட்டு நோக்கினால் தெளியலாம். பொறியியற் பட்டங்களின் சமவலுவை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்பினரானது. அதன்பின், அங்கீகாரம் பெற்ற இலங்கைப் பட்டமொன்று ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கல்வித் தகைமை என்ற அளவில் பெரிதும் ஐயத்துக்குள்ளாவதில்லை. வைத்தியரின் நிலை வேறு. அவர் ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பேரவையின் தேர்வுகளிலும் மேற்பார்வைப் பணியிலும் தேற வேண்டும். கனடாவில் தேர்வுகளில் தேறிய பின்னரும், பெரும்பாலும் எண்ணிக்கையில் மட்டுப்படுத்தப்பட்ட பட்டப்பின் பயிற்சி இடமொன்றுக்குப் போட்டியிட வேண்டும். நோயாளியின் பாதுகாப்புக்காகத் தேர்வு வைப்பது நியாயமே. தேர்வில் தேறியவருக்கும் பயிற்சி இடம் இல்லை என்பது பாதுகாப்பின்பாற்பட்டதன்று.

பட்டத்தை ஏற்பது மட்டும் போதாது என்பதற்கும் பொறியியலே சான்று. ஒன்ராறியோ மாகாணத்தில் தொழில் உரிமம் கோரிய பொறியியலாளரிடம் குறித்த காலக் கனேடிய அனுபவம் நெடுங்காலம் கேட்கப்பட்டது. அனுபவம் இன்றி வேலை இல்லை, வேலை இன்றி அனுபவம் இல்லை என்னும் இச்சுழலை அம்மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இல் பாரபட்சம் என்று கொள்கையளவில் அறிவித்தது. 2021 இல் சட்டம் அதனைத் தடுத்தது. 2023 இல் பொறியியல் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அந்நிபந்தனையைக் கைவிட்டது. புலம்பெயர்ந்தோரின் தனிப்பட்ட ஏமாற்றமென நெடுங்காலம் பேசப்பட்ட ஒன்று, விதி மாறியதும் குறையத்தக்கதென இது காட்டுகிறது.

பலனும் சுமையும்

நன்மையும் தீமையும் ஒரே ஆளை வந்தடைவதில்லை என்பது நிரல் முறையின் மற்றொரு குறை. பலனை மிகுதியாகப் பெறுவோர் அந்நாட்டில் வளரும் பிள்ளைகள். திறன் இறக்கத்தைச் சுமப்போர் பெற்றோர், குறிப்பாக முதன்மை விண்ணப்பதாரியின் துணையாகச் சென்று தம் தொழிலைக் கைவிட நேரும் பெண்கள். பிரிவைச் சுமப்போர் ஊரில் எஞ்சிய முதியோர். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவின் காத்திருப்பு 30 ஆண்டுகளைத் தாண்டுகிறது. விரைவான வகைக்கு ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டொலருக்கு மேல் கட்ட வேண்டியுள்ளது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் தனித்து வாழும் மூத்தோரின் நிலையை அன்புக் குறைவாகக் கொள்வது தவறு. குடிவரவு விதியின் விளைவாகவே அதனைப் பெரிதும் கொள்ளுதல் வேண்டும்.

நாடும் வல்லுநர் இழப்பைச் சுமக்கிறது. 2022 இல் சுமார் 3.8 பில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல் 2024 இல் 6.5 பில்லியனைக் கடந்தது. ஆயினும் அதன் கணிசமான பங்கு மத்திய கிழக்குத் தொழிலாளரின் உழைப்பாகும். குடும்பத்தோடு குடியமர்ந்த விசேட வைத்திய நிபுணரின் வெற்றிடத்தை அது நிரப்பாது.

மறுப்பும் மாற்றுவழியும்

கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் வந்த இலவசக் கல்வியில் பயின்றோர், வெளியேறும்போது மக்களுக்குக் கடன்பட்டவராகின்றனர் என்ற வாதம் வலுவுடையது; பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1970களில் வெளியேறும் வல்லுநர்மீது வரி விதிக்க முன்மொழிந்ததும் இத்தகைய நியாயத்தின்பேரிலேயே. ஆனால் தடுத்து வைக்கும் முறைகளை இலங்கை முயன்று பார்த்துவிட்டது. பட்டதாரிகளை அரச சேவையில் இருத்த 1961 இல் கட்டாய அரச சேவைச் சட்டம் வந்தது, தொழில்நுட்பவியலாளரின் வெளியேற்றத்தை ஆராய்ந்த அமைச்சரவைக் குழு 1974 இல் அறிக்கையிட்டது; ஆயினும் வெளியேற்றம் நிற்கவில்லை. மக்களுக்குள்ள கடன் மெய்யானது. அதனைத் தீர்க்க வழிவிடும் ஏற்பாடே வேண்டப்படுவது.

அதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, வாஷிங்டன் உடன்படிக்கை போன்ற ஏற்பாடுகளைத் தாதியம், மருத்துவம் முதலிய துறைகளுக்கும் பேச்சுவார்த்தை மூலம் விரித்து, தகைமை மதிப்பீட்டைப் புறப்படுமுன் முடிப்பது. இரண்டாவது, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல 2022 ஜூன் சுற்றறிக்கை திறந்த வழியை நெருக்கடிக்கால ஏற்பாடாக விடாது, அங்கு பெற்ற அனுபவம் பதவியுயர்வில் மதிக்கப்படும் நிரந்தர முறையாக்குவது. மூன்றாவது, மொழியுரிமையும் பாதுகாப்பும் திரும்பி வருவோருக்கு நடைமுறையில் உறுதிப்படுவது. இது இல்லாதவிடத்துத் தமிழ்த் தொழில்வல்லுநர் திரும்புவர் என எதிர்பார்க்க நியாயமில்லை.

வெளிநாட்டு வாழ்வு நன்றா தீதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது வேறுபடும். ஆனால் கற்ற தொழிலைச் செய்ய முடியாமை, முதிய பெற்றோரை அழைத்துக்கொள்ள முடியாமை, திரும்ப விரும்பியும் திரும்ப முடியாமை ஆகிய மூன்றும் புலம்பெயர்வுக்கு இயல்பாக உரியவை அல்ல. அவற்றை மனித விதிகளே ஆக்கின என்பதால், மாற்றும் கடமையும் விதி ஆக்குவோருக்கே உரியது. அக்கடமை நிறைவேறும்போதுதான் செல்வதும் இருப்பதும் திரும்புவதும் ஒருவரின் மெய்யான தெரிவாக அமையும்.