ஒழுகும் கூரையும் உரிமைச் சட்டமும்: கல்முனைக் கரையோரத்து வாடகை வீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் வாடகை வீட்டின் வரலாறு பெரும்பாலும் கொழும்பை வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. துறைமுகத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த முடுக்குகள், வரிசை வீடுகள், அவற்றுக்கு உடைமையாளராயிருந்த வணிகக் குடும்பங்கள், இவற்றிடையே எழுந்த வழக்குகள் ஆகியவையே சட்ட நூல்களை நிரப்பி நிற்கின்றன. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களை இந்த அளவுகோல் கொண்டு அளக்க முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடையில் அகப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டிலே வேலியோடு வேலி முட்ட வளவுகள் அமைந்த இவ்வூர்களில், வீடு என்பது முதலில் வாடகைப் பொருளாக இருக்கவில்லை. அது பெண்ணுக்குரிய சொத்தாக இருந்தது.

கிழக்கிலங்கையில் தாய்வழிக் குடிமுறை நிலவுவதும், திருமணத்தின்பின் மாப்பிள்ளை பெண் வீட்டிலே சென்று வாழ்வதும் யாவரும் அறிந்தவை. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். மூத்தவளுக்குப் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே விட்டுக்கொடுத்து, அடுத்தவளுக்காக இன்னொன்று கட்டத் தொடங்குவதும் உண்டு. ஆகவே இங்கு ஒருவன் வீடு கட்டுவது வாடகை வருமானத்தை எதிர்பார்த்தன்று. மகள் வயதுக்கு வருமுன் கட்டி முடிந்துவிட்ட வீடு சில ஆண்டுகள் பூட்டிக் கிடக்குமாயின், அக்காலத்துக்கு மட்டும் அது வாடகைக்கு விடப்படும். வாடகைக்கு வருபவரும் பெரும்பாலும் வெளியூரவரே: ஆசிரியர், கச்சேரி எழுதுநர், தபாலதிபர், வங்கி ஊழியர், கடைத்தெருவில் வியாபாரம் செய்ய வந்தவர். உள்ளூரவன் வாடகை வீட்டில் இருப்பதென்றால் அது ஏதோ ஒரு குறையின் அடையாளமாகவே கருதப்பட்டது.

இப்பின்னணியைப் புரிந்துகொண்டாலன்றிப் பழுதுபார்த்தல் பற்றிய பிணக்கின் இயல்பு விளங்காது. கொழும்பில் வீட்டுக்காரர் பழுது பார்க்காமைக்கு இலாப நோக்குக் காரணம். கல்முனைக் கரையில் அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மூன்று ஆண்டுகளில் மகளின் கலியாணத்துக்காக எப்படியும் புதிதாக வெள்ளையடித்து, ஓடு மாற்றி, குசினி கட்டி எடுக்கப்போகும் வீட்டுக்கு, இடையில் வந்து போகும் ஓர் ஆசிரியருக்காக ஏன் இருமுறை செலவு செய்வது என்ற எண்ணமே அது. இதில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளும் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யாமல் இருப்பதில்லை.

கிடுகுக் கூரைக் காலத்தில் இப்பிணக்கு ஒருவகையில் எளிதாயிருந்தது. கிடுகு ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நில்லாது. மாரிக்கு முன் கூரை வேய்வது பருவ வேலை. தென்னங்கீற்று வளவிலேயே கிடைத்தது. கிடுகு பின்னும் கைகளும் அயலிலேயே இருந்தன. ஓடும் சீமெந்தும் பரவிய பின்னரே பழுது என்பது பணமும் மேசனும் வேண்டி நிற்கும் காரியமாயிற்று. யார் பணம் என்ற கேள்வியும் கூர்மை பெற்றது.

இக்கேள்விக்கு விடை சொல்லும் மரபுகள் இக்கரையில் ஒன்றன்று, இரண்டு. இம்மக்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்ட மரபிலே, இமாம் நவவி (மறைவு 1277) இயற்றிய மின்ஹாஜ் என்னும் நூல் வாடகை பற்றிய பகுதியில் இதனை நேரடியாகவே எடுத்துப் பேசுகின்றது. வீட்டின் திறப்பை ஒப்படைப்பதும் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் உடைமையாளரின் பொறுப்பு. அவர் விரைந்து சீர்செய்யாவிடின், ஒப்பந்தத்தைத் தொடர்வதா முறிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு என்பது அதன் நிலைப்பாடு. கூரைமேல் விழும் பனியை அகற்றுவது உடைமையாளரின் வேலை என்றும், முற்றத்துப் பனியையும் குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவரின் வேலை என்றும் அந்நூல் மேலும் பிரித்துக் காட்டுகின்றது. பனி என்பதைக் கண்ணாலும் காணாத கல்முனைக் கரையிலே மதரசா மாணவர் தலைமுறை தலைமுறையாக இவ்விதியைப் படித்திருப்பர் என்பது ஒரு சுவையான செய்தி. பனிக்குப் பதிலாகத் தென்னோலையையும் கடல் மணலையும் வைத்துப் பார்த்தால் விதி அப்படியே பொருந்தும். கூரை உடைமையாளருக்கு, முற்றம் குடியிருப்பவருக்கு.

மற்றது உரோம-ஒல்லாந்தச் சட்டம். ஒல்லாந்தரின் கீழிருந்த கரையோரங்களில் அவர்களது சட்டம் தொடர்ந்து செல்லும் எனப் பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஏற்றுக்கொண்டனர். முஸ்லிம்களின் திருமணமும் மரபுரிமையும் தனிச் சட்டத்தின்பாற் பட்டன. வாடகை ஒப்பந்தமோ பொதுச் சட்டத்தின்பாற் பட்டது. ஆகவே வழக்கென்று வந்தால் நீதிமன்றம் நவவியை நாடுவதில்லை, ஒல்லாந்த அறிஞரான வூத்தையே நாடியது. எனினும் முடிவு பெரிதும் வேறுபடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எதிரான உடன்பாடு இல்லாதவிடத்து, விட்ட நோக்கத்துக்கு ஏற்ற நிலையில் வீட்டை வைத்திருப்பது உடைமையாளரின் கடமை. அவர் தவறினால், அறிவித்தல் கொடுத்தபின் குடியிருப்பவர் அவசியமான பழுதைத் தாமே பார்த்து அச்செலவை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பயன் குறைந்த அளவுக்கு வாடகைக் குறைப்புக் கோரலாம். குடியிருக்கவே முடியாதாயின் விட்டு விலகலாம். பாக்கு நீரிணைக்கு அப்பால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் குடியிருப்பவருக்கு இதே கழிவுரிமையை வழங்கிற்று. 1960ஆம் ஆண்டின் சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இக்கழிவுக்கு அதிகாரியின் அனுமதியை வேண்டியதோடு, ஓராண்டில் அவ்வாண்டு வாடகையின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக்கூடாதென வரம்பும் கட்டியது. ஒரு மாத வாடகையில் எத்தனை ஓட்டை மாற்றலாம் என்பதைச் சட்டம் இயற்றியோர் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

ஏட்டிலே இத்துணை உரிமைகள் இருந்தும் கூரைகள் ஒழுகியே வந்தன. இதற்கான விடையை வாடகைக் கட்டுப்பாட்டின் வரலாற்றிலேயே தேடவேண்டும்.

முதல் உலகப் போர்க்காலத்தில், 1915ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரின் தொழிலாளர் குடும்பப் பெண்கள் மேரி பார்பர் போன்றோரின் தலைமையில் வாடகை உயர்வை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடத்தினர். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரித்தானிய நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டம் செய்தது. இரண்டாம் உலகப் போர் இலங்கைக்கும் அதே நெருக்கடியைக் கொணர்ந்தது. 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதன் வழிவந்த 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும் வாடகையைப் பெரும்பாலும் 1941ஆம் ஆண்டின் மதிப்பீட்டோடு பிணைத்தன. சீமெந்தின் விலையோ மேசனின் கூலியோ 1941இல் நின்றுவிடவில்லை. வரும் வாடகை சோலைவரிக்கும் போதாது என்று முறையிட்ட உடைமையாளர், வெளியேற்ற முடியாத குடியிருப்பாளரைப் பழுதுபாராமையின் மூலம் வெளியேற்ற முற்பட்டனர். சட்டம் கதவை அடைத்தது. அவர்கள் கூரையைத் திறந்து வைத்தனர்.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இப்பிரச்சினையை வர்க்க நோக்கில் அணுகியது. வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமனின் காலத்தில் இரு பெரும் சட்டங்கள் வந்தன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பை வலுப்படுத்தியது. வாடகையை உடைமையாளர் வாங்க மறுத்தால் அதனை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்த வழி உண்டாயிற்று. நூறு ரூபாவுக்கு மேற்படாத வாடகை வீடுகளில் மூன்று மாத நிலுவை சேர்ந்தாலன்றி வழக்கிட முடியாதென்றாயிற்று. பிணக்குகளை விசாரிக்க வாடகைச் சபைகள் இயங்கின. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்தது. தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிவரும் தொகையே அவ்வரம்பு. மிகை வீடுகளை அவற்றில் குடியிருந்தோர் வாங்கவும் வழி செய்யப்பட்டது.

கொழும்பில் இது ஒரு சமூகப் புரட்சி. கல்முனைக் கரையிலோ இதன் தாக்கம் வேறாக இருந்திருக்க வேண்டும். பல வீடுகளை ஒருவர் பெயரில் குவித்து வைப்பது இங்கு வழக்கமன்று. வீடுகள் மகளிர் பெயரில் முன்கூட்டியே பிரிந்து கிடந்தன. உச்சவரம்பு உச்சந்தலையில் விழுவதற்கு இங்கு ஆளில்லை. மாறாக, இச்சட்டங்கள் எதிர்த்துப் போரிட்ட பெருநிலக்கிழாருக்குப் பதிலாக, ஒரேயொரு வீட்டுக்கு உரித்தான ஒரு சிறுமியும் அவளது தந்தையுமே இங்கு வீட்டுக்காரராயிருந்தனர். சட்டத்தின் நடையோ வீட்டுக்காரரை ஆணாகவே கற்பனை செய்தது. உடைமையாளரின் குடும்பத்தவர் வசிப்பதற்கு நியாயமாகத் தேவைப்படின் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்ற விதிவிலக்கு ஒன்றுதான் இக்கரையின் கலியாண வழக்கத்தோடு ஓரளவு ஒத்துப்போனது.

குடியிருப்பவரின் நிலை இதனால் இலகுவாகிவிடவில்லை. அவர் கையில் இருந்த ஆயுதங்கள் ஒவ்வொன்றும் திருப்பிக் குத்தக்கூடியவை. வாடகையை நிறுத்தி வைத்தால் நிலுவைக்காரராவார். நிலுவை, வெளியேற்ற வழக்குக்குக் காரணம். வீடு வாழத் தகுதியற்றதென உள்ளூராட்சி மன்றத்துக்கு முறையிட்டால், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவ்வீட்டை மூடும் கட்டளை பிறக்கலாம். முறையிட்டவரே முதலில் தெருவுக்கு வருவார். அயலவர் நடுவே வெளியூரவராய் வாழும் ஓர் ஆசிரியை, தன் மாணவியின் தந்தைக்கு எதிராகச் சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்புவது எளிதன்று. அவர் வாளியை ஒழுக்கின் கீழ் வைத்துவிட்டு இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே பெரும்பாலும் நடக்கக்கூடியது. நீதிமன்றப் பதிவுகளை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாற்றில் அந்த வாளிக்கு இடமில்லை.

இயற்கையின் சீற்றம் இப்பிணக்கை இருமுறை முற்றாகக் கலைத்துப்போட்டது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைத் தாக்கிய சூறாவளி ஓட்டுக்கூரைகளையும் கிடுகுக்கூரைகளையும் வேறுபாடின்றி அள்ளிச் சென்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது, நாட்டிலேயே மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டமாக அம்பாறை அமைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய இடங்களில் கடலோர வளவுகள் அடையாளமின்றிப் போயின.

இவ்விடத்தில் சட்டத்தின் ஈரமின்மை வெளிப்படுகின்றது. உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்படி, மனித சக்திக்கு மேற்பட்ட காரணத்தால் வீடு அழிந்தால் ஒப்பந்தம் முடிவுறும். திரும்பக் கட்டிக் கொடுக்கும் கடமை உடைமையாளருக்கு இல்லை. உடைமையாளருக்கு மணலாவது மிஞ்சும். குடியிருந்தவருக்கு மிஞ்சுவது திறப்பு. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாவும் பகுதியாகச் சேதமுற்றதற்கு ஒரு இலட்சம் ரூபாவும் என வகுக்கப்பட்ட உதவித் திட்டமும் வீட்டுக்கு வீடு என்ற அடிப்படையிலேயே எழுந்தது. உறுதி உள்ளவரே முதலில் வரிசையில் நின்றார். கிழக்கில் 200 மீற்றர் என அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயம் பின்னர் குறுக்கப்பட்டபோதிலும், காணி நெருக்கடி மிகுந்த இவ்வூர்களில் மாடிக் குடியிருப்புகள் எழ அது காரணமாயிற்று. வளவும் வேலியும் கிணறும் கொண்டு வாழ்ந்தவர்கள் பொதுக் கூரைக்கும் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கும் பங்காளிகளாயினர். மேல்மாடிக் குழாய் வெடித்துக் கீழ்மாடிச் சுவர் ஊறினால் யாரைக் கேட்பது என்பது, குடிமுறையும் அறியாத, மின்ஹாஜும் பேசாத புதுக் கேள்வி.

ஆளில்லாத வீட்டுக்கு என்ன நேரும் என்பதற்கும் இம்மாவட்டமே சான்று தந்தது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்ந்தளிப்பது தொடர்பான உயர் நீதிமன்ற வழக்கினால் ஒரு தசாப்தத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தன. பழுதுபார்க்க மறுக்கும் வீட்டுக்காரர் கூட அங்கு இல்லை. கதவுக்குள்ளே காடு வளர்ந்தது.

இதற்கிடையே வாடகைக்கு வருவோரின் தொகை பெருகிற்று. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், தூர மாவட்டங்களின் மாணவர்களையும் விரிவுரையாளர்களையும் இக்கரைக்குக் கொண்டுவந்தது. மகளுக்கெனக் கட்டிய வீட்டின் முன்னறையும் மேல்மாடியும் மாணவர் விடுதியாயின. ஆனால் 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், அவ்வாண்டு ஜனவரி முதலாம் திகதிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளை வாடகைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. சுனாமிக்குப்பின் எழுந்த வீடுகள் யாவும் அவ்வெளியிலேயே நிற்கின்றன. ஆகவே ஒழுகும் அறையில் இருப்பவர் 1972ஆம் ஆண்டின் பாதுகாப்பைத் தேடிப் போவதில் பயனில்லை. பழைய பொதுச் சட்டத்தையும் தம் கையிலுள்ள எழுத்து ஒப்பந்தத்தையுமே நம்பவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதே அருமை. இருக்குமிடத்தும், முற்பணத்தையும் மாத வாடகையையும் பற்றி எழுதுவோர் கூரையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அந்த ஒரு வரி இருந்தால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கோ, அதற்கும் முன்னதாக ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமோ போய் நிற்பவருக்குக் காட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசி இருக்கும்.