காலண்டரில் 526 சிவப்புக் குறிகள்

பிட்ஸ்பர்க் என்றதும் உங்களில் சிலருக்கு ஸ்டீலர்ஸ் ஃபுட்பால் அணி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு அப்பா அம்மாவுடன் காரில் போன வெங்கடேஸ்வரர் கோவில் நினைவுக்கு வரலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது ஒன்றுதான்: உருக்கு. அங்கே ஆலைகளில் கடினமான வேலைகளைச் செய்தவர்களில் பலர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய, ஆங்கிலம் தெரியாத இளைஞர்கள்.

1907-இல் அந்த ஊருக்கு ஆய்வு செய்ய ஒரு குழு வந்தது. அதில் விபத்துகளைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண்ணுக்கு. வயது 26. சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். ஓர் உருக்காலை மேலாளர் அவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: நூற்றுக்கு 95 விபத்துகள் அடிபட்டவனின் கவனக்குறைவால்தான் நடக்கின்றன என்று.

ஈஸ்ட்மன் வாதாடவில்லை, எண்ணத் தொடங்கினார். 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை, அலெகேனி கவுண்டியின் மரண விசாரணைப் பதிவுகளில் வேலையிடத்தில் இறந்தவர்களை எல்லாம் தேடி எடுத்தார். மொத்தம் 526 பேர். அவர்களில் 195 பேர் உருக்காலைத் தொழிலாளர்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு சிவப்புக் குறி என்று ஓர் ஆண்டுக் காலண்டரே வரையப்பட்டது. செய்தித்தாளில் தனித்தனியாக வந்து மறைந்த மரணங்கள், முதன்முறையாக ஒரே பக்கத்தில் சேர்ந்து நின்றன.

சேர்த்துப் பார்த்தபோதுதான் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. உருக்காலை என்றால் உருகிய இரும்பு வெடிப்பதைத்தான் வெளியாட்கள் பயப்படுவார்கள். ஆனால் அந்த ஆண்டில் அதைவிட அதிகம் பேரைக் கொன்றது, தலைக்கு மேலே ஓடிய கிரேன். ஆலைக்குள் ஓடிய சரக்கு ரயில்களும் பல உயிர்களை எடுத்தன.

ஈஸ்ட்மன் அதோடு விடவில்லை. இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தார். ஒருவர் கவனமில்லாமல் இருந்தார் என்றால், ஏன்? அவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில், வெப்பத்திலும் காதைப் பிளக்கும் சத்தத்திலும் நின்றிருந்தார். எச்சரித்துக் கத்தினாலும் கேட்காது. வேகம் குறைந்தால் மேலாளர் திட்டுவார்.

நான் கணினித் துறையில் இருப்பவன். சர்வர் நின்றுபோனதற்கு "ஊழியர் தவறான பட்டனை அழுத்திவிட்டார்" என்று அறிக்கை எழுதி முடித்தால், அடுத்த மாதம் இன்னொருவர் அதே பட்டனை அழுத்துவார். "கவனக்குறைவு" என்ற பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

அன்றைய சட்டமும் கேள்வி கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தவன் அதன் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டவன் என்றே நீதிமன்றங்கள் கருதின. இறந்துபோன மணமான தொழிலாளர்களின் குடும்பங்களில் பாதிக்கும் மேல் பெற்ற தொகை 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு. சில குடும்பங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு தொழிலாளி இறந்தால் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை என்றால், கிரேனுக்குப் பாதுகாப்புத் தடுப்பு வைக்க யாருக்கு அவசரம்?

அதனால் நஷ்டஈட்டுச் சட்டம் வேண்டும் என்றார் ஈஸ்ட்மன். 1910-இல் அவர் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் வந்த நஷ்டஈட்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1911-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் மற்ற மாநிலங்கள் நிற்கவில்லை. பென்சில்வேனியாவில் 1915-இல் சட்டம் வந்தது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனமும் 1908-இலேயே ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, ஆலைகளைச் சோதித்து, இயந்திரங்களுக்குத் தடுப்புகள் போடத் தொடங்கியிருந்தது.

ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலை மட்டும் 1923 வரை நீடித்தது. தடுப்பு ஒருமுறைச் செலவு. வேலை நேரத்தைக் குறைத்தால் தினமும் செலவு. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைச் சரிசெய்தவர்கள், களைப்பை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கவே தயங்கினார்கள்.

புதிய நாட்டில் நம் பெற்றோர் பலருக்கும் முதலில் கிடைத்தது தொழிற்சாலை வேலைதான். உங்களில் சிலர் கோடை விடுமுறையில் கிடங்குகளில் வேலை செய்வீர்கள். அங்கே யாராவது அடிபட்டு, "கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லப்பட்டால், அவர் எத்தனையாவது மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.