பல்கலைக் கழக அலுவலரும் ஓய்வூதிய உரிமையும்

பல்கலைக் கழக வரலாறு எழுதுவோர் துணைவேந்தர்களையும் பேராசிரியர்களையும் கூறி அமைவதே பெரும்பான்மை வழக்கு. விடைத்தாட் கட்டுகளை எண்ணி அடுக்குவோர், பதிவேடு எழுதுவோர், நூலகத்தில் நூலெடுத்துக் கொடுப்போர், இரவிற் காவல் புரிவோர் ஆகியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயினும், கழகத்தின் வருவாய் சுருங்குங்கால் அச்சுருக்கத்தை முதற்கண் உணர்வோருள் இவரும் அடங்குவர். இவர்தம் உரிமை எவ்வாறு உருப்பெற்றது, எவ்விடத்துக் குறையுற்றது என்பதை மதுரையை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மதுரைச் சூழல்

தொழிற்சங்கம் மதுரைக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி ஆலை இங்குத் தோன்றியது. வையையின் வடகரையிலுள்ள பரவை முதலிய ஊர்களை உள்ளிட்ட இச்சமவெளி மக்கள் ஆலைத் தொழிலையும் அதன் சங்கங்களையும் நன்கறிந்தவர். 1966ஆம் ஆண்டில், தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு மதுரைப் பல்கலைக் கழகம் தொடங்கப்பெற்றபோது, புதியதொரு பணியாளர் வகுப்பும் இம்மண்ணில் தோன்றிற்று. இவர் அரசு ஊழியர் அல்லர். ஆலைத் தொழிலாளரும் அல்லர். இவ்விடைநிலையே பின்வந்த இடர்ப்பாடுகள் பலவற்றிற்கு வித்தாயிற்று.

வழக்குகள் காட்டும் நெறி

பல்கலைக் கழகம் ‘தொழில்’ ஆகுமா என்னும் வினா முதலில் எழுந்தது தில்லியில் ஆகும். அங்குக் கழகத்தின் மகளிர் கல்லூரிப் பேருந்துகள் இழப்பில் ஓடின எனக் கூறி, ஓட்டுநர் இருவர் பணிநீக்கம் செய்யப்பெற்றனர். அவர் ஆட்குறைப்பு இழப்பீடு வேண்டினர். கல்வி தொழிலன்று; ஆதலின் இழப்பீடு இல்லை என உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. செலவுச் சுருக்கமே இவ்வழக்கின் தோற்றுவாய் என்பது கருதத்தக்கது.

பதினைந்து ஆண்டுகட்குப் பின்னர், பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் எழுவர் அடங்கிய ஆயம் அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி நிலையமும் தொழிலே என்பது 1978 பிப்ரவரி 21ஆம் நாள் நிலைபெற்றது. மதுரைக் கழகம் காமராசர் பெயரைப் பெற்றதும் அதே ஆண்டில் என்பது காலப் பொருத்தமாகும். 1982இல் கல்வி நிலையங்களை அவ்விலக்கணத்தினின்று நீக்கச் சட்டத் திருத்தம் இயற்றப்பெற்றதெனினும், அப்பகுதி நடைமுறைக்குக் கொணரப்படவில்லை.

ஆயினும் உரிமை முழுமையுறவில்லை. பெரிய ஆலைகளில் ஆட்குறைப்பிற்கு அரசின் முன் இசைவு வேண்டும் என்ற விதியை, மதுரை மீனாட்சி ஆலைத் தொழிலாளர் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், அவ்விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்னும் மூன்றற்கே உரியதாய் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிட்டிய அக்காப்பு கழக அலுவலர்க்குக் கிட்டவில்லை.

வருவாயின் சுருக்கம்

நூலாலையின் கூலி நூல் விற்பனையினின்று வருவது. கழக ஊதியமோ அரசு நல்கை, இணைவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், அஞ்சல்வழிக் கல்வி வருவாய் ஆகியவற்றினின்று வருவதாகும். தொடக்கத்தில் மதுரைக் கழகத்தின் எல்லை கன்னியாகுமரி வரை பரந்திருந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் தோன்றவே, தென்கோடிக் கல்லூரிகள் பிரிந்தன. அஞ்சல்வழிக் கல்விக்கும் பிற்காலத்தில் பல்கலைக் கழக மானியக் குழுவின் எல்லைக் கட்டுப்பாடுகள் வந்தன. வருவாய் குறைந்தது, ஓய்வு பெற்றோர் தொகையோ ஆண்டுதோறும் பெருகிற்று. 2024இல் ஊதியமும் ஓய்வூதியமும் உரிய காலத்திற் கிட்டாமையின் ஆசிரியரும் அலுவலரும் ஓய்வு பெற்றோரும் போராட நேர்ந்தது.

இந்நிலை மதுரைக்கே உரியதன்று. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக் கழகம், வருவாய்க்கு மிஞ்சிய பணியாளரால் நிதி நெருக்கடியுற்று, 2013இல் அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. மிகுதியான பணியாளர் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பெற்றனர். ஊர் மாறினும் பணி நிலைத்தது. அரசு பொறுப்பேற்றமையே அதற்குக் காரணம்.

ஓய்வூதியம் யார் கடன்?

ஓய்வூதியம் கொடையன்று, உழைத்த காலத்தே ஈட்டிப் பின்னர்ப் பெறும் ஊதியமே என்னும் கருத்தை, 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தமிழ்நாட்டரசு 2003 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து பணியேற்றோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைப் புகுத்தியது. அவ்வாண்டு சூலையில் சலுகைப் பறிப்பை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்ய, ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பெற்றனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6ஆம் நாள் கூறியது.

அரசு ஊழியர்க்கு ஓய்வூதியம் தருவது கருவூலம். கழக அலுவலர்க்கோ அது கழகத்தின் நிதியையே சார்ந்தது. மாணவர் தரும் கட்டணத்தைக் கொண்டு பழங்கடன் தீர்த்தல் முறையோ என வினவுவாரும் உளர். அவ்வினா நேரியதே. ஆயின், கட்டணத்தை உயர்த்தாது கழகத்தை நடத்துமாறு பணிப்பதும், பணியிடங்களுக்கு ஊதிய விகிதம் வகுப்பதும் அரசே என்பதை மறத்தல் ஆகாது.

முடிபு

1963 முதல் நீதிமன்றங்கள் ஆராய்ந்தது, கழக அலுவலர் தொழிலாளரா என்பதையே. அவ்வினாவிற்கு விடை கிடைத்தது. அவர்தம் முதுமைக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாவிற்கோ விடை கிடைத்திலது. ஆதலின், சங்கங்கள் ஊதிய நிலுவையை மட்டும் வேண்டுதல் போதாது. ஓய்வூதிய நிதியைக் கழகத்தின் அன்றாடச் செலவினின்று பிரித்து, அரசின் உறுதியோடு தனி நிதியாக அமைக்க வேண்டுதலே தக்கதாகும். அது நிறைவேறுங்காறும், வருவாய் குன்றுந்தோறும் இவ்விடர் மீண்டும் எழும் என்க.