இருமுனை நெறிமுறையின் வரலாறு

இருமுனை நெறிமுறை என்பது ஒரு தடத்தின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் தமக்குள் தரவுப் பொதிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதித்தொகுப்பு ஆகும். 'பாயின்ட் டு பாயின்ட் புரோட்டோகால்' என்ற பெயரின் சுருக்கமான பி.பி.பி. என்றே பொறியாளர்களிடையே வழங்குகிறது. இணையப் பொறியியல் செயற்குழு இதை 1989-இல் முதலில் வெளியிட்டது. 1994-இல் இது முழுத்தரமாக நிலைபெற்றது. இது வருவதற்கு முன், நீண்ட தொலைவுத் தடத்தின் இரு முனைகளிலும் ஒரே நிறுவனத்தின் திசைவிகளை வைப்பதே பெரும்பாலும் நடைமுறையாக இருந்தது. அந்தக் கட்டாயம் எப்படி உருவானது, எப்படி நீங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி

திசைவி, அதாவது ரூட்டர், ஒரு பிணையத்திலிருந்து வரும் பொதியின் முகவரியைப் பார்த்து அதை அடுத்த பிணையத்துக்கு அனுப்பும் கருவி. இரண்டு ஊர்களில் உள்ள அலுவலகங்களை இணைக்க, தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒரு தடத்தைக் குத்தகைக்கு எடுத்து, முனைக்கு ஒரு திசைவியை வைப்பார்கள். தடம் 0, 1 என்ற பிட்டுகளின் வரிசையை மட்டுமே சுமக்கும். பொதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, உள்ளே இருப்பது என்ன வகை என்பதெல்லாம் தடத்துக்குத் தெரியாது. அவற்றை இரு முனைகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஐபிஎம் நிறுவனம் 1970களின் நடுவில் எஸ்.டி.எல்.சி. என்ற முறையைக் கொண்டுவந்தது. அதைத் தழுவிப் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. உருவாக்கியது எச்.டி.எல்.சி. இம்முறையில் ஒவ்வொரு பொதியும் ஒரு சட்டகத்துக்குள் வைக்கப்படும். சட்டகத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 01111110 என்ற கொடி வரும். தரவுக்குள் இதே வரிசை தற்செயலாக வந்துவிட்டால் குழப்பம் நேருமல்லவா? அதனால், தரவில் ஐந்து 1கள் தொடர்ந்து வந்தவுடன் அனுப்பும் முனை ஒரு 0-ஐச் செருகும். பெறும் முனை அதை நீக்கிவிடும். எனவே தரவு கொடியைப் போல் தோன்ற வழியே இல்லை.

ஆனால் எச்.டி.எல்.சி. சட்டகத்தில் ஒரு குறை இருந்தது. உள்ளே இருப்பது எந்த நெறிமுறையைச் சேர்ந்த பொதி என்று குறிப்பிட அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஒரே வகைத் தரவு செல்லும் தடத்தில் இது சிக்கலாகாது. 1980களின் அலுவலகங்களிலோ ஐ.பி., டெக்நெட், ஐ.பி.எக்ஸ்., ஆப்பிள்டாக் எனப் பல நெறிமுறைகள் ஒருங்கே புழங்கின. அவையனைத்தும் ஒரே தடத்தில் போக வேண்டுமானால், ஒவ்வொரு சட்டகத்திலும் வகைக்குறிப்பு ஒன்று தேவைப்பட்டது.

நிறுவனத்துக்கு ஒரு முறை

திசைவி நிறுவனங்கள் இந்தக் குறையைத் தத்தம் வழியில் நிரப்பிக்கொண்டன. 1984-இல் லென் போசாக், சாண்டி லெர்னர் ஆகியோர் தொடங்கிய சிஸ்கோ, எச்.டி.எல்.சி. சட்டகத்துக்குள் இரண்டு பைட்டு அளவுள்ள வகைக்குறிப்பு ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது. ப்ரோட்டியான், வெல்ஃப்ளீட், அங்கர்மன்-பாஸ் ஆகிய நிறுவனங்களும் தமக்கென ஒரு முறையை வைத்திருந்தன. எல்லாம் ஒரே கொடியைப் பயன்படுத்தினாலும், கொடிக்கு அடுத்து வருவதைப் பிற நிறுவனத்தின் கருவியால் படிக்க இயலவில்லை.

வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் ஐ.பி. பொதியை அனுப்பும்போது சிஸ்கோ முறையில் அதற்கு முன்னால் வரும் நான்கு பைட்டுகளின் மதிப்பு 15, 0, 8, 0. பின்னாளில் வந்த பி.பி.பி. முறையில் அவை 255, 3, 0, 33. அதன்பின் வரும் பொதி இரண்டிலும் ஒன்றே. இந்த நான்கு பைட்டுகள் பொருந்தாததால் முழுச் சட்டகமும் குப்பையாகிவிடும்.

கட்டடத்துக்குள் நிலைமை வேறாக இருந்தது. ஈதர்நெட் 1983-இலேயே ஐ.இ.இ.இ. அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டதால், எந்த நிறுவனத்தின் கருவியையும் அதே கம்பியில் பொருத்த முடிந்தது. ஊர்விட்டு ஊர் செல்லும் தடத்தில்தான் வாங்குபவருக்குத் தெரிவு இல்லாமல் போயிற்று. ஒரு முனையில் எந்த நிறுவனத்தின் கருவி இருக்கிறதோ, மறுமுனையிலும் அதையே வாங்க வேண்டும். மறுமுனை வேறொரு பல்கலைக்கழகத்துக்கோ அரசுத் துறைக்கோ உரியதாக இருந்தால், அவர்களும் அதே நிறுவனத்தைத் தேர்ந்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு நிறுவனத்தை நம்பியிருப்பதில் உள்ள இடரை வெல்ஃப்ளீட்டின் வரலாறு காட்டுகிறது. அது 1994-இல் சின்ஆப்டிக்ஸ் நிறுவனத்துடன் இணைந்து பே நெட்வொர்க்ஸ் ஆயிற்று. 1998-இல் பே நெட்வொர்க்ஸை நார்ட்டெல் வாங்கியது. 2009-இல் நார்ட்டெல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. தடமும் அதன் தேவையும் நிறுவனங்களைவிட நீண்டகாலம் நிலைக்கக்கூடியவை.

ஸ்லிப்: இடைக்கால ஏற்பாடு

எளிய பொது முறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1984 வாக்கில் ரிக் ஆடம்ஸ் பெர்க்லி யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதி வெளியிட்ட ஸ்லிப் பலராலும் பயன்படுத்தப்பட்டது. ஜான் ராம்கி 1988 ஜூனில் அதை ஆர்.எஃப்.சி. 1055 என்ற ஆவணமாகப் பதிவு செய்தார். இது தரமன்று என்பதை அந்த ஆவணத்தின் தலைப்பே கூறியது.

ஸ்லிப்பில் பொதியின் முடிவில் 192 என்ற மதிப்புள்ள பைட்டு வரும். அதன் குறைகளை அதே ஆவணம் பட்டியலிட்டது. மறுமுனையின் முகவரியை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். வகைக்குறிப்பு இல்லாததால் ஒரு நெறிமுறை மட்டுமே செல்லும். இரைச்சலுள்ள தொலைபேசிக் கம்பியில் பிழை நேர்ந்தால் கண்டறிய வழியில்லை. கணினி ஒன்றை மோடம் வழியே இணைக்க அது போதும். திசைவிகளுக்கிடையே போதாது.

பி.பி.பி. உருவான விதம்

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ட்ரூ பெர்க்கின்ஸ் எழுதிய முதல் முன்மொழிவு 1989 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1134 ஆக வெளியாயிற்று. 1990-இல் திருத்தப்பட்டது. பின்னர் வில்லியம் சிம்ப்சன் பதிப்பாளராக இருந்து 1992, 1993 ஆண்டுகளில் மேலும் செம்மைப்படுத்தினார். 1994 ஜூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 1661 இன்றுவரை அடிப்படை ஆவணமாக உள்ளது.

இந்த நெறிமுறையிடம் என்னென்ன எதிர்பார்க்கப்பட்டன என்பதைத் தனி ஆவணம் ஒன்று விளக்குகிறது. எளிமை, பல நெறிமுறைகளைச் சுமத்தல், பிழையைக் கண்டறிதல், இணைப்பு உயிரோடு உள்ளதா என அறிதல், தவறான அமைப்பைக் கண்டுபிடித்தல் ஆகியவை அதில் உள்ளன. எவை வேண்டாம் என்றும் அது கூறுகிறது. பிழைதிருத்தம், வரிசை எண் காத்தல் போன்றவற்றை மேலடுக்கு நெறிமுறைகள் பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டன. சட்டகத்துக்குப் புதிதாக எதையும் தேடாமல், எச்.டி.எல்.சி.யின் கொடியையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு வகைக்குறிப்பைச் சேர்த்தார்கள்.

கேட்டு உடன்படும் முறை

பி.பி.பி.யின் முதன்மையான பங்களிப்பு சட்டகத்தின் வடிவமன்று. இரு முனைகளும் பேசி உடன்பாட்டுக்கு வரும் முறையே ஆகும். எல்லாக் கருவிகளும் ஒரே திறன் கொண்டிருக்க வேண்டும் என்று அது கோரவில்லை.

தடம் உயிர்பெற்றதும் ஒவ்வொரு முனையும் தனக்கு வேண்டிய அமைப்புகளைக் கோரிக்கையாக அனுப்பும். மறுமுனை மூன்றில் ஒரு விடையைத் தரலாம்.

ஒன்று, ஏற்பு: கேட்ட அனைத்துக்கும் சம்மதம். இரண்டு, மாற்று: இந்த அமைப்பு தெரியும், ஆனால் இந்த மதிப்பு வேண்டாம், வேறு மதிப்பைக் கேள். மூன்று, நிராகரிப்பு: இந்த அமைப்பே எனக்குத் தெரியாது, அல்லது அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை, அதை நீக்கிவிட்டுக் கேள்.

மூன்றாவது விடையே வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்துவைத்தது. ஒரு நிறுவனம் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கலாம். அதை அறியாத பழைய கருவி நிராகரிக்கும். அந்த வசதியில்லாமல் இணைப்பு தொடரும். எதையும் பேசாவிட்டாலும் ஒவ்வோர் அமைப்புக்கும் இயல்பு மதிப்பு ஒன்று உண்டு. பொதியின் அதிகபட்ச அளவு 1500 பைட்டு என்பது அவற்றுள் ஒன்று. கோரிக்கைக்கு விடை வராவிட்டால் 3 நொடிக்குப் பின் மீண்டும் அனுப்புவதும், 10 முறை வரை முயல்வதும் ஆவணம் பரிந்துரைத்த இயல்பு நிலை.

இந்தப் பேச்சு இரு திசைகளிலும் தனித்தனியே நடக்கும். அது முடிந்தபின், ஐ.பி. போன்ற ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனிப் பேச்சு உண்டு. ஒரு முனைக்கு ஐ.பி.எக்ஸ். தெரியாவிட்டால் அதை மட்டும் மறுத்துவிட்டு ஐ.பி.யைத் தொடரலாம்.

பேச்சில் இடம்பெறும் மாய எண் என்ற அமைப்பும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு முனையும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைத் தெரிந்து அனுப்பும். தான் அனுப்பிய எண்ணே திரும்பத் திரும்ப வந்தால், பேசுவது மறுமுனையோடு அன்று, தடம் எங்கோ மடங்கித் தன்னிடமே திரும்புகிறது என்று திசைவி அறிந்துகொள்ளும்.

அடையாளச் சரிபார்ப்பு

மறுமுனையில் இருப்பது உரியவர்தானா என்று உறுதிசெய்ய 1992-இல் பேப், சேப் என்ற இரு முறைகள் தரப்படுத்தப்பட்டன. பேப் முறையில் கடவுச்சொல் அப்படியே தடத்தில் செல்லும். சேப் முறையில் ஒரு முனை புதிர் எண் ஒன்றை அனுப்பும். மறுமுனை அதையும் இருவருக்கும் தெரிந்த மறைச்சொல்லையும் சேர்த்து எம்.டி.5 கணக்கீட்டின் விடையைத் திருப்பி அனுப்பும். மறைச்சொல் தடத்தில் செல்வதே இல்லை. இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் இச்சோதனையை மீண்டும் நடத்தலாம்.

இரு நிறுவனத் திசைவிகளை இணைத்தல்

பொதுத்தரம் வந்தபின்னும் பழைய வழக்கம் முற்றாக மறையவில்லை. சிஸ்கோ திசைவியின் தொடர்வகை இடைமுகம் இயல்பு நிலையில் அந்நிறுவனத்தின் எச்.டி.எல்.சி. முறையிலேயே இருக்கும். ஹுவாவே, ஜூனிப்பர் திசைவிகளின் அத்தகைய இடைமுகங்கள் பி.பி.பி. முறையில் இருக்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால் கம்பி நன்றாக இருப்பதாகவும், அதன்மேல் நெறிமுறை இயங்கவில்லை என்றும் சிஸ்கோ திசைவி காட்டும். பி.பி.பி. முனையோ விடை கிடைக்காமல் கோரிக்கையை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்கோ இடைமுகத்தில் 'என்கேப்சுலேஷன் பிபிபி' என்ற ஒரு கட்டளை இட்டால் இச்சிக்கல் தீரும். எதிர்வழியும் உண்டு. ஜூனிப்பர் திசைவிகள் சிஸ்கோவின் முறையையும் 'சிஸ்கோ எச்டிஎல்சி' என்ற பெயரிலேயே ஏற்கின்றன.

அதன்பின் பேச்சால் தீராதவை சில எஞ்சும். ஆய்வகத்தில் இரு திசைவிகளை நேரடியாகக் கம்பியால் இணைத்தால், ஒரு முனை கடிகாரத் துடிப்பைத் தர வேண்டும். குத்தகைத் தடத்தில் அதைத் தொலைபேசி நிறுவனத்தின் கருவி தரும். சேப் முறையில் மறைச்சொல் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையும் தன்னை எந்தப் பெயரால் அறிவிக்கிறதோ அதே பெயர் மறுமுனையின் பதிவில் இருக்க வேண்டும். சிஸ்கோ திசைவி தனக்கு இடப்பட்ட பெயரைத் தானாகவே அனுப்பும். வேறு சில கருவிகளில் அதைத் தனியே எழுத வேண்டும். இணைப்பு இந்த இடத்தில் தோற்பது வழக்கமாகக் காணப்படும் ஒன்று.

முகவரிக்கு நான்கு எண்கள் கொண்ட சிறு தொகுதியை ஒதுக்கி, அதில் இரண்டைப் பயன்படுத்துவது மரபு. 2000 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 3021, இருமுனை இணைப்புக்கு இரண்டு முகவரிகளே போதும் என்று வகுத்து வீணாவதைக் குறைத்தது.

வீடுகளை அடைந்த நெறிமுறை

திசைவிகளுக்காக வகுக்கப்பட்டது விரைவில் வீட்டுக் கணினிக்கும் வந்தது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதே மாதம் வெளியான விண்டோஸ் 95 இயங்குதளத்தில் தொலைபேசிவழி இணைப்புக்கு பி.பி.பி. இடம்பெற்றிருந்தது. மோடம் இரைந்து அடங்கியபின் திரையில் தோன்றிய பயனர்பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பு இந்த நெறிமுறையின் வேலையே.

1999-இல் ஈதர்நெட் மீது பி.பி.பி.யை அனுப்பும் முறை ஆர்.எஃப்.சி. 2516 ஆக வெளியாயிற்று. பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை இணைப்பின் மோடத்தில் பயனர்பெயரைப் பதிந்தவர்கள் இதைப் பயன்படுத்தியவர்களே. இம்முறைக்கான தலைப்பு 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் பொதியின் அளவு 1500-லிருந்து 1492 ஆகக் குறைகிறது. மோடங்களின் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் 1492 என்ற எண்ணின் காரணம் இதுவே.

இன்றைய நிலை

இன்று ஊர்களுக்கிடையிலான தடங்களில் பெரும்பாலும் ஒளியிழை வழியே ஈதர்நெட்டே செல்கிறது. சட்டக வேறுபாடு என்ற பழைய சிக்கல் அதில் இல்லை. ஆனால் பொதியின் அளவைப் பற்றி ஈதர்நெட்டில் இரு முனைகளும் பேசிக்கொள்வதில்லை. அளவு பொருந்தாவிட்டாலும் இணைப்பு இயங்குவதுபோலவே தோன்றும்; ஓ.எஸ்.பி.எஃப். போன்ற வழிகாண் நெறிமுறை தொடங்கும்போதுதான் இடைநிலையில் நின்றுவிடும். போதாக்குறைக்கு, இடைமுகத்தின் அளவைக் குறிக்கும்போது ஜூனிப்பர் ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டுகளையும் சேர்த்து 1514 என்று எழுதும், சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். அதைச் சேர்க்காமல் 1500 என்று எழுதும். இரண்டும் குறிப்பது ஒரே அளவைத்தான். இரு இடங்களிலும் 1500 என்றே எழுதினால் அளவு பொருந்தாது. பி.பி.பி. தானாகப் பேசி முடித்த இந்த ஒரு செய்தியை, இன்று இரு முனைகளிலும் உள்ள பொறியாளர்கள் தொலைபேசியில் பேசி முடிவுசெய்ய வேண்டியுள்ளது.