இருட்டறையில் ஒரு வெளிச்சம்

நள்ளிரவு. நியூயார்க் நகரில், மல்பெரி தெருவை அடுத்த சந்து. காற்றும் நுழையாத சிற்றறை. கந்தலே போர்வையாக, நெருக்கியடித்துக் கிடக்கின்றனர் பலர். கதவு திறக்கிறது. கண்ணைப் பறிக்கும் ஒளி! மறுகணம், பழைய இருள். வந்தவன் போய்விட்டான், அந்த அறையின் அலங்கோலமோ, அவனுடைய படத்தகட்டிலே பதிந்துவிட்டது!

வந்தவன் கள்வனல்லன், பத்திரிகை நிருபன், ஜேக்கப் ரீஸ்.

டென்மார்க்கிலே 1849-ல் பிறந்தவன். தச்சுத் தொழில் கற்றவன். 1870-ல் பிழைப்பு நாடி அமெரிக்கா வந்தான். செல்வம் கொழிக்கும் அந்நாடு அவனுக்குத் தந்தது என்ன? பசி! வேலையின்மை! வீடற்றோர்க்கெனப் போலீஸ் நிலையத்தில் இருந்த அறையில் ஓரிரவு தங்கினான். அவனிடமிருந்த பொற்பதக்கம் களவு போயிற்று. முறையிட்டான், விரட்டப்பட்டான். வாசலிலே அவனுக்காகக் காத்திருந்த நாய், போலீஸ்காரர் ஒருவரால் அடித்துக் கொல்லப்பட்டது. அந்த இரவை அவன் மறக்கவில்லை.

1877-ல் 'நியூயார்க் டிரிப்யூன்' ஏட்டின் நிருபரானான். கொலை, களவுச் செய்திகளைத் திரட்டுவது அவன் வேலை. அக்குற்றங்கள் விளையும் இடத்தையே ஆராயலானான். "வறுமையா? சோம்பலின் கூலி!" என்றனர் சீமான்கள். எழுதினான், நம்பவில்லை. 1887-ல், மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருளிலும் படமெடுக்கலாம் என்ற செய்தியைப் படித்தான். சொல்லை நம்பாதவர், கண்ணையாவது நம்பட்டும் என்று கிளம்பினான்! 1890-ல் வெளிவந்தது, 'மறுபாதியினர் வாழ்வது எப்படி' என்ற அவன் நூல்.

விளைவு? தியோடர் ரூஸ்வெல்ட் 1895-ல் நகரப் போலீஸ் ஆணைக்குழுவின் தலைவரானதும், அவரை இரவிலே அழைத்துச் சென்று காட்டினான். 1896-ல் போலீஸ் நிலையத் தங்கும் அறைகள் மூடப்பட்டன. மல்பெரி வளைவுச் சேரி இருந்த இடத்தில் 1897-ல் பூங்கா எழுந்தது. புதிய குடியிருப்புகளுக்கு ஒளியும் காற்றும் கட்டாயம் என்ற சட்டம் 1901-ல் வந்தது.

எனினும், அவனிடம் ஒரு குறை. அதே நூலில் சீனர், யூதர், இத்தாலியர் என இனம் பிரித்து, இழிகுணம் கற்பித்தும் எழுதினான். அறையின் இருளைக் கண்ட கண், தன்னுள்ளே இருந்த இருளைக் காணவில்லை! பெரியவன் என்பதற்காகப் பிழையையும் போற்றுவது பக்தி; பிழைக்காகப் பணியையும் தூற்றுவது பகை; இரண்டையும் எடைபோடுவது பகுத்தறிவு.

1914-ல் ரீஸ் மறைந்தான். எளியோர் கதையை எழுதப் புகும் இளைஞர்களே, அவனைப்போல் கதவைத் திறவுங்கள்; திறக்குமுன், உங்கள் கண்ணையும் துடைத்துக்கொள்ளுங்கள்!